எட்டாவது பெட்டியின் விலை

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வசனம் ஒழுங்காக வராது. முன்னுக்கு நடந்ததைப் பின்னுக்கும் பின்னுக்கு நடந்ததை முன்னுக்கும் சொல்லிவிடுவேன். சில பெயர்களும் மறந்துவிட்டன. நாலு பேர் கூடினால் மூலையில் போய் இருக்கிறவள் இப்படிப் பேனை பிடித்து எழுத வந்ததற்கு டிலானிதான் காரணம்.

நான் வேலை செய்த கடையில் இப்போது என் இடத்தில் நிற்கிற பிள்ளை டிலானி. போன மாதம் போன் எடுத்தாள்.

"அன்ரி, தோட்டா ஸ்ரொக் வாறது திருப்பியும் இழுபடுது. றாக்கைத் தட்டிலை ஏற்கெனவே விலை ஒட்டிக் கிடக்கிற பெட்டியளுக்கும் கூட்டி ஒட்டுவமோ எண்டு கதைக்கினம். அது கொள்ளை இல்லையோ? நீங்கள் அந்த நேரம் என்ன செய்தனீங்கள்?"

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன்.

"இவ்வளவு காலம் விலை ஒட்டிப்போட்டுத் தெரியாதெண்டு சொல்லுறியளே!" என்று சிரித்தாள்.

உண்மையாகவே தெரியாது. ஆனால் போனை வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. எங்கள் முதியோர் சங்கத்து மலருக்கு என்னிடம் மீன் குழம்பு வைக்கிற முறைதான் கேட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக இதைத் தருகிறேன். சங்கத்தார் கோபிக்கக் கூடாது.

கடை ரொறன்ரோவில், வோபர்ன் பக்கம், ஒரு பிளாசாவில். ஒரு பக்கம் கொத்துரொட்டிக் கடை, மறுபக்கம் பல் டாக்குத்தர். நடுவில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சாமான் விற்கிற எங்கள் கடை. தூண்டில், கூடாரம், பனிச் சப்பாத்து, துவக்கு, தோட்டா எல்லாம் இருக்கும். துவக்கு என்றால் துப்பாக்கி. தோட்டாவை எங்கள் ஊரில் ரவை என்போம். எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தோட்டா என்றே எழுதுகிறேன்.

கனடாவுக்கு வந்து முதலில் ஆஸ்பத்திரித் துணி தோய்க்கிற இடத்தில் நின்றேன். தோள்மூட்டு விட்டுப் போனதும் தெரிந்த ஒருவர் இந்தக் கடையில் சேர்த்துவிட்டார். வேலையைப் பழக ஒரு பனிக்காலம் எடுத்தது. பின்னறையில் இருந்து, வருகிற பெட்டிகளை உடைத்து, எண்ணி, விலை ஒட்டி, அடுக்கிக் கொடுக்கவேண்டும். முதல் கிழமை தோட்டாப் பெட்டியைத் தொடும்போது கை கூசியது. ஏன் என்று எழுதத் தேவையில்லை, போருக்குள் இருந்து வந்தவர்களுக்குத் தெரியும். பிறகு கூச்சம் போய், பாரம்தான் மிஞ்சியது. உள்ளங்கை அளவுப் பெட்டிக்கு அவ்வளவு பாரம்.

சொந்தக்காரி ஐரீன். எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. கணவர் இறந்த பிறகு தனியே கடையை நடத்தினார். உயரமான, மெலிந்த ஆள். குரல் தாழ்ந்தது, கோபம் வந்தால் இன்னும் தாழ்ந்துபோகும். பக்கத்தில் போனால்தான் ஏச்சு விளங்கும் என்று கவுண்டரில் நின்ற யோகன் சொல்லுவான். யோகன் சுன்னாகத்துப் பொடியன், வியாபாரம் படித்தவன், வேட்டை லைசென்ஸும் எடுத்தவன். எனக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. அதனால் கீழே ஐரீன் பேசியதாக எழுதுவதில் பாதி நான் நேரே கேட்டது, பாதி யோகன் தமிழில் சொன்னது.

ஐரீன் தோட்டா விற்பதைப் பார்க்கவேண்டும். பெட்டிகள் கவுண்டருக்குப் பின்னால் பூட்டின கண்ணாடி அலுமாரியில் இருக்கும். வாங்குகிறவர் லைசென்ஸைக் காட்டவேண்டும். ஐரீன் அதை வாங்கி முகத்தோடு ஒப்பிட்டு, திகதியைப் பார்த்து, கவுண்டரில் வைப்பார். பிறகு பெட்டியை எடுத்து, எழுத்து வாங்குகிறவருக்கு நேரே தெரியும்படி வைத்து, ஒரு விரலை அதன் மேல் ஊன்றிக்கொண்டு, "வாசி" என்பார். அவர் பெட்டியில் இருக்கிற அளவைச் சத்தமாக வாசிக்கவேண்டும். தலை நரைத்த வேட்டைக்காரராக இருந்தாலும் வாசிக்கவேண்டும். "உன்ரை துவக்கிலை என்ன அளவு அடிச்சிருக்கு?" என்று அடுத்த கேள்வி. இரண்டும் ஒன்று என்றால்தான் விரல் எழும்பும். மாறின தோட்டா மாறின துவக்குக்குள் போனால் சுடுகிறவரின் கையும் கண்ணும் போய்விடுமாம். மாதா கோயில் பூசையில் சுவாமியார் அப்பத்தை உயர்த்தும்போது வருகிற ஓர் அமைதி எனக்கு அந்த விரலைப் பார்க்கும்போது வரும். இப்படிச் சொல்வது பாவமோ தெரியாது.

எனக்கும் ஒழுங்கு இருந்தது. கடையில் நான் பிடித்த ஒரே துவக்கு விலை ஒட்டுகிற துவக்குத்தான். விலைத் துண்டு வலப் பக்கக் கீழ் மூலையில் இருக்கவேண்டும். அளவை மறைக்கக் கூடாது. தொழிற்சாலை அடித்த தொகுதி எண்ணை மறைக்கக் கூடாது. ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு ஒட்டவே கூடாது. ஒரு சாமானில் இரண்டு விலை தெரிந்தால் குறைந்ததைத்தான் வாங்கலாம் என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறதாம். ஐரீன் சட்டத்துக்கும் அப்பால் போவார். மலிவாக வாங்கின பெட்டி மலிவாகவே போகவேண்டும், விலை ஏறின பிறகு வந்த பெட்டிதான் ஏறின விலைக்குப் போகவேண்டும். ஒரே தட்டில் ஒரே தோட்டாவுக்கு இரண்டு விலை இருக்கும். அதையிட்டு அவர் வெட்கப்படவில்லை.

பிறகு கொரோனா வந்தது. சனம் ரொய்லெட் பேப்பருக்கு அடிபட்ட மாதிரித் தோட்டாவுக்கும் அடிபட்டது. தொழிற்சாலையில் வேலை குறைந்துவிட்டது, அமெரிக்காவில் வாங்கிக் குவிக்கிறார்கள் என்று ஆளுக்கொரு கதை. மொத்த வியாபாரி விலையை ஏற்றினான், கேட்டதில் கொஞ்சம்தான் அனுப்பினான். காலையில் கதவு திறக்க முன்னரே வரிசை நின்றது. எல்லாருக்கும் பழைய துண்டு ஒட்டின பெட்டிதான் வேண்டும். மத்தியானத்துக்குள் அலுமாரி வெறுமை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் யோகன் தன் போனைக் காட்டினான். எங்கள் கடைப் பெட்டியை, என் துண்டோடு, யாரோ இணையத்தில் மூன்று மடங்கு விலைக்கு விற்பனைக்குப் போட்டிருந்தான்.

"ஐரீன், உங்கடை நல்ல மனம் உவனுக்குத்தான் உதவுது. நாங்கள் ஏத்தினால் அந்தக் காசிலை அடுத்த ஸ்ரொக்கை எடுக்கலாம். ஏத்தாட்டில் காசு உவன்ரை பொக்கற்றுக்குள்ளை போகுது. கொள்ளை எப்பிடியும் நடக்குது."

"நான் என்ன விலைக்கு வாங்கினன் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு கூட்டிக் கேக்க வாய் வராது."

"அதுதானே மாஸ்க் போட்டிருக்கிறியள். வாய் ஆருக்குத் தெரியப்போகுது?"

ஐரீன் சிரித்துவிட்டார். ஆனால் விலையை ஏற்றவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு பெட்டி என்று மட்டும் கண்ணாடியில் எழுதி ஒட்டச் சொன்னார்.

எனக்கு எங்கள் ஊர் மன்னார் நினைவு வந்தது. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் எங்கள் தெருவில் இரண்டு கடைகள் இருந்தன. ஒருவர் சவர்க்காரத்தை வாயில் சொல்ல முடியாத விலைக்கு விற்றார், ஊரே திட்டியது. மற்றவர் விலையை ஏற்றாத நல்ல மனிதர். ஆனால் கேட்கும் நேரமெல்லாம் "முடிஞ்சுது" என்பார், சொந்தக்காரருக்குப் பின்கதவால் கொடுப்பார். நான் அவருக்குச் சொந்தம் இல்லை. திட்டுவாங்கினவரிடம்தான் வாங்கி என் பிள்ளைக்குத் தோய வார்த்தேன். அவரை நானும் திட்டினேன்.

அன்று எனக்கு என்ன துணிவு வந்ததோ, யோகனிடம் மெதுவாகச் சொன்னேன்: "தம்பி, பெட்டியை உடைச்சு ஆளுக்கு அஞ்சஞ்சாக் குடுத்தால் என்ன? எங்கடை கடையளிலை மெழுகுதிரியைக்கூடப் பாதியா வெட்டித்தானே வித்தவை."

யோகன் சிரித்துக்கொண்டுதான் மொழிபெயர்த்தான். ஐரீன் சிரிக்கவில்லை. கடித்துக்கொண்டிருந்த பாணை வைத்துவிட்டு, ஒரு பெட்டியை எடுத்துவந்து எனக்கு முன்னால் வைத்தார். தொகுதி எண்ணைக் காட்டினார். பழுது என்று தெரிந்தால் தொழிற்சாலை இந்த எண்ணைச் சொல்லித்தான் திருப்பிக் கேட்கும், பெட்டியை விட்டு வெளியே வந்த தோட்டாவுக்கு ஊர் பேர் இல்லை, அது எந்தத் துவக்குக்குரியது என்பதற்கு அடியில் இருக்கிற பொடி எழுத்துத்தான் மிச்சம் என்றார். என் யோசனை பிழைத்துப் போனது. ஆனால் மொத்த வியாபாரிக்கு விளக்குகிற மாதிரி எனக்கு நின்று விளக்கினாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு புல்லரிக்கிறது.

அந்தக் கோடை முடிகிற நேரம்தான் ஈலாய் வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். வடக்கே, ரோட்டே இல்லாத ஓர் ஊர். பனிக்காலத்தில் ஏரியும் ஆறும் உறைந்த பிறகு அதன் மேலால் பாதை விடுவார்களாம். மற்ற நாளில் சின்ன பிளேன். அந்த மண்ணின் ஆதிக்குடி மனிதர். மனைவியின் கண் ஒப்பரேசனுக்காக ரொறன்ரோவுக்கு வந்தவர், போகிற வழியில் எங்களிடம் வந்தார். முன்பும் வந்திருக்கிறார். ஒரு கேள்வி கேட்டால் கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் சொல்லுவார்.

அவர் கேட்ட அளவில் அலுமாரியில் ஒரேயொரு பெட்டி இருந்தது. ஐரீன் விரலை ஊன்றினார். அவர் வாசித்தார். விரல் எழும்பியது.

"இதிலை எட்டு வேணும்" என்றார் ஈலாய்.

பின்னால் வரிசையில் நின்றவர் பொங்கினார். "ஒரு ஆளுக்கு ஒண்டு எண்டு எழுதிக் கிடக்கு. இப்பிடி அள்ளிக்கொண்டு போய்த்தான் உவையள் இன்ரநெற்றிலை விக்கிறது!"

ஈலாய் திரும்பிப் பார்க்கவில்லை. ஐரீனுக்கு மட்டும் சொன்னார். எட்டு வீடு. குளிருக்கு முன்னால் மூஸ் வேட்டை. மூஸ் என்றால் மாட்டைவிடப் பெரிய மான். ஒன்று விழுந்தால் ஒரு வீட்டுக்குப் பனிக்காலம் முழுவதும் இறைச்சி. ஊர்க் கடையில் தோட்டா முடிந்து நாளாகிவிட்டது. ரொறன்ரோவுக்குப் போகிறவர் இவர் ஒருவர்தான், ஆகவே எட்டு வீடும் இவரிடம் சொல்லிவிட்டது. பிளேனில் ஐந்து கிலோவுக்கு மேல் தோட்டா ஏற்ற விடமாட்டார்களாம், எட்டுப் பெட்டி அதற்குள் அடங்கும் என்று நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எட்டு என்கிறார்.

யோகன் கேட்டான்: "விலை இரண்டு மடங்கா இருந்தால் வாங்குவியளோ?"

ஈலாய் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "எங்கடை ஊர்க் கடையிலை எப்பவும் அந்த விலைதான். எட்டுக்குப் பதிலா ஆறு வாங்குவன். இப்ப ஒண்டுதானே வாங்கிறன்."

யோகன் ஐரீனைப் பார்த்தான். வாதத்தில் வென்றவனின் முகமாக அது இல்லை. ஐரீனின் காதுகள் சிவந்துபோயின. அவர் ஏற்றாமல் வைத்த விலை அந்த எட்டு வீட்டுக்கும் ஒரு பெட்டியைத்தான் மிச்சம் வைத்திருந்தது.

"பிளேன் எப்ப?"

"நாளைக்கு விடிய."

"பின்னேரம் வரையும் இரு" என்றார். குரல் தாழ்ந்துபோய்க் கிடந்தது.

பின்னறைக்கு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார். அந்த அளவுத் துவக்கு வைத்திருக்கிற வாடிக்கையாளர்கள் யார் யார் என்று அவருக்கு மனப்பாடம். எடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரே கதைதான்.

"வடக்கிலை இருந்து ஒருத்தர் நிக்கிறார். எட்டு வீட்டுக்கு இறைச்சி வேணும். உன்னட்டை உடைக்காத பெட்டி இருந்தால் கொண்டுவா. லைசென்ஸையும் கொண்டுவா."

யோகன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "விலையையும் சொல்லுங்கோவன். இல்லாட்டி ஆளுக்கொரு விலை கேப்பினம்."

"என்ரை பெட்டிக்குத்தான் நான் விலை சொல்லலாம்" என்றார் ஐரீன்.

"ஒருத்தனும் வரான் பாருங்கோ. நானெண்டால் வரமாட்டன்."

"உன்னட்டைத் துவக்கு இருக்கு. உனக்கும் போன் அடிக்கட்டே?"

யோகன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

வெளியே போன தோட்டா திரும்பக் கடைக்குள் வரக்கூடாது என்பது ஐரீனின் ஒழுங்கு. யார் எங்கே வைத்திருந்தார்கள், நனைந்ததா என்று தெரியாது. அதனால் எல்லாம் கார் நிறுத்துகிற இடத்தில்தான் நடந்தது. நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று பார்த்தேன்.

வந்தார்கள்.

முதலில் ஓர் ஆசிரியை, காருக்குள் இரண்டு பிள்ளைகளோடு. பிறகு தடியூன்றி நடக்கிற ஒரு கிழவர். பிறகு கொத்துரொட்டிக் கடைக்குக் கோழி கொண்டுவருகிற லொறிக்காரர், அவர் வேட்டைக்காரர் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். பிறகு இன்னும் மூன்று பேர். ஒவ்வொருவரும் மாஸ்க்கோடு தள்ளி நின்று, லைசென்ஸை ஐரீனிடம் காட்டி, பெட்டியை ஐரீனின் காரின் முன்மூடியில் வைத்துவிட்டு விலகினார்கள். ஐரீன் விரலை வைப்பார். ஈலாய் கிட்டப் போய் வாசிப்பார். பிறகு துண்டில் இருந்த விலையைக் கொடுப்பார். தடியூன்றினவர் காசு வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஈலாய் அசையாமல் நின்றார், அவர் வாங்கும்வரை.

கண்ணாடிக்கு இப்பால் இருந்தே எனக்குத் தெரிந்தது, அந்தத் துண்டுகளெல்லாம் நான் ஒட்டினவை. பின்னறையில் குனிந்திருந்து, ரேடியோ கேட்டுக்கொண்டு, கை தன்பாட்டில் ஒட்டினவை. அந்தச் சின்ன வெள்ளைத் துண்டைப் பார்த்து முன்பின் தெரியாத மனிதர்கள் அதற்கு மேலே ஒரு சதமும் கேட்காமல் நிற்கிறார்கள். இணையத்தில் மூன்று மடங்கு போகிறது என்று அவர்களுக்கும் தெரியும். தங்கள் சொந்த வேட்டைக்கு வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து பெரிய கட்டடமெல்லாம் பார்த்திருக்கிறேன், நயாகரா பார்த்திருக்கிறேன். வாயைப் பிளந்துகொண்டு நான் நின்றது அந்தக் கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்துத்தான்.

கடையில் வாங்கினதோடு ஏழு பெட்டி சேர்ந்தது. பிறகு நெடுநேரம் ஒருவரும் இல்லை. ஐரீன் திரும்பப் போன் எடுக்க உள்ளே வந்த நேரம் ஒரு சாம்பல் நிற ட்ரக் வந்து நின்றது. இறங்கினவர் மெலிந்த ஆள், சேறு பிடித்த சப்பாத்து. ஐரீன் போய் லைசென்ஸ் பார்த்தார். விரல், வாசிப்பு எல்லாம் நடந்தது. ஈலாய் காசை நீட்டினார். அந்த மனிதர் இல்லை என்று தலையாட்டிவிட்டு ஏதோ சொன்னார். ஈலாய் திரும்பவும் பொக்கற்றுக்குள் கை விட்டார்.

யோகன் பக்கத்தில் வந்து நின்று, "பாத்தீங்களே அக்கா, டபிள் கேக்கிறான். இவ்வளவு சனத்துக்கும் நடுவிலை ஒரு கொள்ளைக்காரன்" என்றான்.

ஐரீன் ஏசுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஏசவில்லை. ஈலாய் மற்றவர்களுக்குச் செய்த மாதிரியே இவருக்கும் முழங்கையை நீட்டி முழங்கையால் தட்டினார். ட்ரக் போய்விட்டது. எட்டுப் பெட்டியையும் துணிப் பையில் போட்டுக்கொண்டு ஈலாய் கதவடிக்கு வந்து ஐரீனிடம் நன்றி சொன்னார். அப்போது கடைசி மனிதரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். அவர்தான் எல்லாரையும்விடத் தூரத்திலிருந்து வந்தவர் என்று என் காதில் விழுந்தது. என் ஆங்கிலம் மட்டுமட்டு என்று முதலே சொன்னேன்.

அடுத்த கிழமை ஐரீன் விலையை ஏற்றினார். புதிதாக வந்த பெட்டிகளுக்கு மட்டும், மொத்த வியாபாரி ஏற்றினதைவிடக் கொஞ்சம் கூடவே. "நீ சொன்னதும் சரி" என்று யோகனிடம் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அதோடு அலுமாரியின் அடித்தட்டைக் காலியாக்கி, அதில் சில பெட்டிகளைப் பழைய விலையில் வைத்தார். இறைச்சிக்காக வேட்டைக்குப் போகிறவர்களுக்கு என்றார். அவர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடும் இல்லை.

"அப்ப எல்லாரும் இறைச்சிக்குத்தான் எண்டு சொல்லுவினம்!" என்றான் யோகன்.

"சொல்லட்டும். என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்."

சிலர் பொய் சொன்னார்கள், எனக்கே தெரிந்தது. பலர் சொல்லவில்லை. கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, "எனக்கு மேல்தட்டிலை இருக்கிறதைத் தாங்கோ" என்று கூடின காசைக் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அடித்தட்டு அந்தப் பனிக்காலம் முழுவதும் ஒருநாளும் முற்றாகக் காலியாகவில்லை. எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

டிலானிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஏற்றாத விலை வெறும் அலுமாரியைக் கொடுத்ததையும் பார்த்தேன், ஏற்றாத விலை எட்டு வீட்டுக்குச் சோறு போட்டதையும் பார்த்தேன். இரண்டும் ஒரே துண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐரீன் காலமாகிவிட்டார். யோகன் இப்போது ரூஜ் பக்கம் இருக்கிறான் என்று கேள்வி. இதை வாசிக்கிற யாராவது அவனைக் கண்டால் நான் எழுதினதைக் காட்டிச் சரிபார்க்கவேண்டும். வந்தவர்களின் வரிசை பிழையாக இருந்தால் பரவாயில்லை. சாம்பல் ட்ரக்கில் வந்தவர் கேட்டது உண்மையில் இரண்டு மடங்கா, அல்லது கொஞ்சம்தான் கூடவா? எந்த ஊரிலிருந்து அவ்வளவு தூரம் ஓடி வந்தார்? போக வரப் பெற்றோலுக்கு எவ்வளவு முடிந்திருக்கும்? இவ்வளவு காலமும் அந்த மனிதரை மனத்துக்குள் கொள்ளைக்காரன் என்றே கூப்பிட்டு வருகிறேன். அவர் கொண்டுவந்த பெட்டி இல்லாமல் எட்டாவது வீடு இல்லை. கேட்டுச் சொன்னால், வேறு பெயரால் கூப்பிடவேண்டும் என்றால், கூப்பிடுவேன்.